எந்த மூலையை வெட்டுவது

1

இந்தக் கதை எனக்கு ஒரு மழையால் கிடைத்தது. ஊட்டியில் காந்தல் பக்கம் சாலை பிரியும் முக்கில் மழைக்கு ஒதுங்கியபோது, தெய்வம்மாவின் தகரக் கடையில் இரண்டு டீ குடித்தேன். இரண்டாவது டீ முடிவதற்குள் அவர் தன் தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதற்கு என் திறமை எதுவும் காரணமில்லை. மழை விடவில்லை, அவ்வளவுதான்.

நான் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் எழுத்தர். எழுத்தருக்கும் எழுத்தாளருக்கும் நடுவே ஒரு காலும் ஒரு ளகரமும்தான் வித்தியாசம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். அவர்கள் சிரித்ததில்லை.

முதல் வரியாக இதை எழுதினேன்: "மூடுபனி மலையின் தோளில் ஒரு சால்வையைப் போல..."

நிறுத்திவிட்டேன். தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாக வேலையைக் குறைத்துக்கொண்டிருந்த வருடங்களின் கதை இது. அந்த நேரத்தில் மலைக்குச் சால்வை போர்த்துகிறவன் நல்லவனாக இருக்க முடியாது.

2

நடந்தது இது.

ஓவேலிப் பக்கத்துத் தோட்டம் ஒன்று மூடப்பட்டபோது, அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தெய்வம்மா ஊட்டிக்கு வந்து கடை போட்டார். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள் என்று அவர் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. தம்பி ரமேஷ்குமாரைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்ததும் அவர்தான். அவன் டிராஃப்ட்ஸ்மேன் ஆனான்.

அப்போதுதான் ஊட்டியின் நெரிசலான சந்திப்புகள் வழியாக ஒரு சின்ன ரயில் விடலாமா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்தது. சாலையிலேயே தண்டவாளம் போட்டு, பேருந்துகளோடு பேருந்தாக ஓடும் ரயில். (அறிக்கையில் "இலகு ரயில்" என்று இருந்தது. கடையில் ஒருவர், "லேசா இருந்தா காத்துல சாயாதுங்களா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தது நானல்ல. நானாக இருந்தால் இதைவிட மோசமாக வந்திருக்கும்.) ஊரார் டிராம் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

டிராம் பாதையை வரைகிற வேலை ரமேஷ்குமாருக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டையும் சேரிங்கிராஸையும் எப்படியோ சமாளித்துவிட்டான். காந்தல் முக்கில் மாட்டிக்கொண்டான். டிராமால் லாரியைப் போல ரிவர்ஸ் எடுத்து ஒடித்துத் திரும்ப முடியாது. அது அகலமாக வளைய வேண்டும் என்றால் ஏதாவது ஒரு மூலையை வெட்டியாக வேண்டும். இடது மூலையில் செல்லையா என்பவரின் தேயிலைக் குடோன், விலை விழுந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. வலது மூலையில் தகரக் கடைகள், அதில் ஒன்று தெய்வம்மாவுடையது.

3

முக்கில் ஏதாவது ஒரு மூலை போயாக வேண்டும் என்று ஒருநாள் காலை அவன் அக்காவிடம் சொன்னான்.

"டிராமு எந்தப் பக்கம் போவுது?"

"இன்னும் முடிவாகலக்கா."

"நீதானேடா வரையிற."

"வரையிறது நான். முடிவு பண்றது மேல இருக்கிறவங்க."

"அப்ப ஒன்னைய எதுக்குப் படிக்க வச்சேன்?"

இந்த இடத்தில் தெய்வம்மாவுக்காக நான் அரைப்பக்க வசனம் எழுதி வைத்திருந்தேன். தோட்டத்து லயன் வீடு, இலங்கையிலிருந்து வந்த கப்பல், கண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. அதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். "இம்புட்டையும் நா எப்ப பேசுனேன்?" என்றார். உண்மையில் அவர் சொன்னது, "வடையத் திருப்பு, கருகுது" என்பது மட்டும்தான். அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போனார்.

4

(இங்கே ரமேஷ்குமாரை எனக்குச் சந்தேகமாக இருந்தது. நியாயமான ஆளை எழுதுவது கடினம். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமாவது கொடுக்கலாமா என்று யோசித்தேன். பீடி கொடுத்துப் பார்த்தேன், இருமினான். எடுத்துவிட்டேன்.)

அவனுடைய தலைமை இன்ஜினியர் சுகுணா, கோயமுத்தூர்க்காரர். இடது பக்கம் போட்ட டிராயிங்கை அவன் காட்டியபோது நெடுநேரம் பார்த்தார்.

"கணக்குப்படி இதுதான் சரிங்க ரமேஷ். வலது பக்கம் ஏத்தமும் ஜாஸ்தி, அடியில ஓடையும் போகுது."

"ஆமாங்க மேடம்."

"ஆனா அந்தக் கடை உங்க அக்காவுதுன்னு நாளைக்கு ஒருத்தரு எந்திரிச்சுக் கேட்டா, இந்த முக்கு மட்டுமில்ல, மொத்த லைனுமே போயிருமுங்க. வலது பக்கமே போட்டுக் குடுங்க. கடைக்காரங்களுக்கு வேற எடம் கேட்டு நானே எழுதறேன்."

சுகுணாவை வில்லியாக்க நான் மிகவும் முயன்றேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சரியான கோட்டை வரைந்தால் அது திருட்டுக் கோடு போலத் தெரியும். தப்பான கோட்டை வரைந்தால் நேர்மையானவன் என்று பெயர் கிடைக்கும். என்னிடம் கேட்டிருந்தால் லீவு போட்டிருப்பேன்.

ரமேஷ்குமார் வலது பக்கமும் ஒரு டிராயிங் போட்டுக் கொடுத்தான்.

5

ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. தகரக் கடைக்காரர்கள் ஒரு பக்கம், லாட்ஜ் முதலாளிகள் ஒரு பக்கம், நடுவில் சும்மா வந்தவர்கள். தெய்வம்மா கடையை மூடிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுகுணா வலது மூலை டிராயிங்கை விளக்கினார்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் பூட்டுன குடோன் சும்மாதானே கெடக்குது? அத வுட்டுப்போட்டு எதுக்குங்க இங்க வர்றீங்க?" என்று பழக்கடைக்காரர் ஒருவர் கேட்டார்.

சுகுணா டிராயிங்கைத் திருப்பிப் பிடித்தார். அப்போது ரமேஷ்குமார் எழுந்து மைக் பக்கம் போனான்.

"இடது பக்கம்தாங்க சரி. நான் மொதல்ல வரைஞ்சதும் அதுதான். வலது மூலையில இருக்கிற கடை எங்க அக்காவுதுங்க. ரெண்டுமே உண்மை."

கூச்சல். சிலர் கைதட்டினார்கள். "அதானே பார்த்தேன்" என்று ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குடோன்காரர் செல்லையா கையைத் தூக்கி எல்லோரையும் அமைதியாக்கினார். அவர் கோபப்படவே இல்லை.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அந்தக் கடை உங்க அக்காவுதா இல்லாம இருந்தா, நீங்க இடது பக்கம் வரைஞ்சிருப்பீங்களா?"

"வரைஞ்சிருப்பேங்க," என்றான். கொஞ்சம் நின்று, "ஆனா இப்படி மைக்குல வந்து சொல்லியிருப்பேனான்னு தெரியலீங்க" என்றான்.

செல்லையா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது சம்மதமா, இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. வெளியே வந்ததும் தெய்வம்மா தம்பியிடம், "அந்தப் பதில முதல் பாதியோட நிப்பாட்டியிருக்கலாம்" என்றார். அத்தனை நாளில் அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

6

வெற்றி என்று தலைப்பிட்டு ஒரு பகுதி எழுதினேன்: "அன்று அந்த மலைநகரம் ஓர் உண்மையின் முன்னால்..."

வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ரமேஷ்குமாரை வேலையிலிருந்து நீக்கியது. டிராமும் வரவில்லை, ஆனால் அதற்கு அவன் காரணமில்லை. தேயிலையே விழுந்து கிடக்கும்போது இந்த ஊரில் அதில் ஏற ஆளிருக்காது என்று மேலே முடிவு செய்தார்களாம். குடோனும் இருந்தது, கடையும் இருந்தது. என் கதாநாயகனின் ஒரே வீரச்செயல் ஒரு செங்கலைக்கூட நகர்த்தவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நஷ்டம் வேறில்லை.

அவன் அக்கா கடையிலேயே டீ போட ஆரம்பித்தான். நன்றாகப் போடமாட்டான். முக்கில் பெரிய பஸ் ஏதாவது திரும்பும்போது, கையிலிருக்கும் டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். "டீ ஆறுது," என்பார் தெய்வம்மா. ஆனாலும் அவன் வந்த பிறகுதான் அவர் மத்தியானத்தில் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிட்டார். தோட்டத்தில் கூடை சுமந்து சுமந்து போன முதுகு அவருக்கு. தண்ணீர்க் குடத்தை இப்போது அவன்தான் தூக்கினான்.

7

முடிவுகள்.

(அ) தேயிலை விலை ஏறுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். இதை எழுத எனக்கே கை கூசியது.

(ஆ) டிராம் வருகிறது, கடை வாசலிலேயே ஸ்டாப். தெய்வம்மாவுக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. "அதையே எழுதுங்க, ஆருக்கு நட்டம்?" என்றார்.

(இ) போன வெள்ளிக்கிழமை நடந்தது.

நான் கடை பெஞ்சில் இருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து சில்வஸ்டர் எட்டிப் பார்த்து, "ரமேசுக்குப் போன். வச்சிராதீங்கன்னு சொல்றாங்க," என்றார். ரமேஷ்குமார் கீழே குழாயடிக்குப் போயிருந்தான். தெய்வம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"யாருங்க?"

"அந்த மேடம்தான். கோயமுத்தூர்ல பாலம் கட்டுறாங்களாம். வரைய ஆள் வேணுமாம். இவன்தான் வேணுமாம்."

"வச்சிட்டாங்களா?"

"இல்ல, லைன்லதான் இருக்காங்க."

அவர் டீத்தூளை அள்ளிப் போட்டார். வேண்டிய அளவைவிட அதிகமாகவே போட்டார். பால் பொங்கி வந்தது. இறக்கினார்.

"அன்னிக்கு அவனப் படிக்க அனுப்புனப்ப எனக்கு முதுகு நல்லாருந்துச்சு," என்றார். என்னிடம் சொன்னாரா, பாலிடம் சொன்னாரா, தெரியவில்லை.

ரமேஷ்குமார் தோளில் குடத்தோடு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு சுற்றுலா பஸ் திரும்பியது. ஓரமாக நின்று அதன் பின்சக்கரத்தைப் பார்த்தான். பூத்தில் ரிசீவர் மேசைமேல் கிடந்தது. தெய்வம்மா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவனைக் கூப்பிடவில்லை.

நான் கூப்பிட்டிருக்கலாம். எழுதுகிறவன் குறுக்கே பேசக்கூடாது என்று ஒரு கொள்கையை அந்த நிமிடத்தில் உருவாக்கிக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

பெஞ்சில் இடமிருக்கிறது, உட்காருங்கள். நீங்கள் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும். ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால், என்னைப் போல் கீழே குனிந்துவிடாமல், அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.