குகைக்குள் ஒரு டைல்ஸ் கடைக்காரர்

அமரவிளையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் கிருஷ்ணன்குட்டிக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. விரலை மடக்கித் தட்டி, சத்தம் கேட்டு, தடவிப் பார்த்தால்தான் அடங்குவார். அப்படிப்பட்டவரை ஆந்திராவில் ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் கூட்டிப்போனது அவர் மனைவி புஷ்பபாய்தான்.

பாறசாலையிலிருந்து இவர்களோடு வந்திருந்த சுற்றுலாக் கூட்டத்தை ஜிஜா என்ற பெண் நடத்திக்கொண்டிருந்தாள். “மழைத்தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக் கரைச்சு உண்டான குகையாக்கும். கூரையில தொங்குத கல்லெல்லாம் சொட்டுச் சொட்டா வளர்ந்தது. ஒரு விரல் நீளத்துக்கே நூறு நூறா வருஷம் வேணும்.”

பின்னாலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

“அண்ணே, தட்டாதீங்க! கையில உள்ள எண்ணெய் பட்டா பின்னே அதுல சுண்ணாம்பு ஒட்டாது. வளர்ச்சி நின்னு போவும்.”

“செக் பண்ணிப் பாத்தேன் மக்கா. நல்ல உருப்படி.”

“மழை அரிக்கது போதாதுண்ணு மனுசனும் அரிக்கணுமா? லைட்டு போட்ட எடமெல்லாம் பாசி பிடிச்சிருக்கு, பாருங்க. நம்ம மூச்சுகூட கல்லுக்கு ஆகாது.”

கிருஷ்ணன்குட்டி கொஞ்ச தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தார். முகம் சிவந்துவிட்டது. மூச்சை விட்ட சுகத்தில் கை தானாக அடுத்த தூணுக்குப் போயிற்று. புஷ்பபாய் இரண்டு பைகளை அவர் கைகளில் திணித்தாள்.

“இனி எதை வச்சுத் தட்டுவீங்கண்ணு பாக்கட்டு.”

வந்தவர்கள் எல்லாம் தடவித் தடவிக் கறுத்துப்போன ஒரு தூணைக் கடந்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் ஒருவன் விரிப்புப் போட்டு வெள்ளைக் கற்கள் விற்றுக்கொண்டிருந்தான். குகைக் கூரையிலிருந்து உடைத்தவை. கிருஷ்ணன்குட்டி பைகளைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

“எலே, இதை எங்கேருந்து ஒடச்சே? எடத்தைக் காட்டு. எங்கிட்ட நல்ல பசை உண்டு, ஒட்டித் தாறேன்.”

தமிழ் தெரியாத அந்த ஆள் ஐந்து விரலைக் காட்டினான்.

“வெலை கேக்கல்ல. எடம்!”

நான்கு விரல். இவர் கத்தக் கத்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கடைசியில் அவன் பெரிய கும்பிடாகப் போட்டு, கல்லை இவர் சட்டைப்பைக்குள் செருகி அனுப்பிவிட்டான்.

இவர் நேராகக் குகைக் காவலாளியிடம் போய்க் கல்லை நீட்டினார். இவரே உடைத்துவிட்டார் என்று நினைத்து காவலாளி விசிலை ஊதினான். ஜிஜா ஓடி வந்து தெலுங்கும் இந்தியுமாக விளக்கிச் சொல்வதற்குள் கல் விற்றவன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டான். காவலாளி சிரித்தபடி கல்லை வாங்கிக்கொண்டான்.

“ஒட்டினா வளருமா மக்கா?” என்று ஜிஜாவிடம் கேட்டார்.

“வளராதுண்ணே. தண்ணி வந்த வழியே முறிஞ்சு போச்சே.”

எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் வளைவில் திரும்பியபோது, சாலையோரம் அதே ஆள் விரிப்பை உதறிப் போடுவது தெரிந்தது.

“வண்டியை நிறுத்துங்க!” என்று எழுந்தார் கிருஷ்ணன்குட்டி.

புஷ்பபாய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.