ஞாயிற்றுக்கிழமை அத்தை

சலவைக் கடையின் பின்கட்டில் இவள் ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளே வந்தாள். அண்ணனைப் பிரிந்த பிறகு அண்ணி இந்தக் கடைப்படி ஏறியதே இல்லை. அண்ணன் குழந்தைக்குத்தான் ஏதோ என்று இவள் பதறிப்போனாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“பதறாத, நல்லாத்தான் இருக்கா. காதுல ஆபரேஷன் பண்ணணுமாம், தள்ளிப்போடக் கூடாதுங்கறாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். உங்க அண்ணன் ஃபோனே எடுக்கல. அதான் பொறுப்பு மொத்தத்தையும் எனக்கே குடுத்துடுங்கன்னு கோர்ட்டுல கேட்டிருக்கேன்.”

இவள் தலையாட்டினாள். நியாயம்தானே.

“அவரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பிள்ளையப் பாக்குறாராம். அவரோட வக்கீல் சொல்றாரு. வந்தது யாருன்னு நீதான் கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்.”

கேட்டுவிட்டு அண்ணி நிற்காமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது, பிரிந்தபோது கோர்ட்டு அண்ணனுக்கென்று ஒதுக்கிய நாள். காலையில் பிள்ளையைக் கூட்டிப்போய் இருட்டுமுன் கொண்டுவந்து விட வேண்டும். தொடக்கத்தில் அவனும் போனான். அப்புறம் ஒருநாள், “இந்த ஒரு வாரம் மட்டும் நீ போயிட்டு வந்துடு” என்றான். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. கல்யாணம், குழந்தை என்று தனக்கென எதுவும் அமையாதவளுக்கு வாரம் என்பதே அந்த ஒரு நாள்தான் என்றாகிவிட்டது. பிள்ளைக்குச் செல்லப்பேர் சில்வண்டு. வாய் ஓயாது. ஒரு காது மந்தம் என்பதால் ரகசியத்தையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வாள். நல்ல காது இருக்கும் பக்கமாகவே நடக்க இவள் கால் தானாகப் பழகியிருந்தது. பார்த்ததும் முதல் கேள்வி, “அப்பா?” “வேலைடா தங்கம்” என்பாள் இவள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். தங்கை என்பதால் எடுத்தான்.

“ஒரு கையெழுத்துதானேண்ணே. போட்டுடேன்.”

“அவ கேட்டு நான் போடணுமா? நீ போய் அண்ணன்தான் வந்தாருன்னு சொல்லிடு. உனக்கும் அதான் நல்லது. எனக்கில்லன்னு ஆயிட்டா உன் ஞாயித்துக்கிழமையும் போச்சு, பாத்துக்க.”

குழந்தைக்குக் காதில் என்ன என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

கோர்ட்டில் நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமைல குழந்தையப் பாக்க வந்தது யாரும்மா?”

குழந்தையிடம் அண்ணனுக்காகப் பொய் சொல்லிப் பழகியவளுக்கு, ‘அண்ணன்தான்’ என்பது நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் போதும், இவள் நாள் இவளுக்கே இருக்கும். எதிரே அண்ணி குனிந்து மடியிலிருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா.”

“அப்பா வரலையா?”

“முதல்ல கொஞ்ச நாள் வந்தாரு. அப்புறம் வரல. பிள்ளைக்கு எந்தக் காது கேக்காதுன்னு அவருக்குத் தெரியாதும்மா.”

பொறுப்பு அண்ணிக்கு வந்தது. அண்ணனின் ஞாயிற்றுக்கிழமையும் ரத்தானது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி ஒரு வரி அனுப்பியிருந்தாள். போய்ப் பார்க்க இவளுக்குக் கால் துடித்தது. எந்த உரிமையில் போவது என்று தயங்கியே நாள் போயிற்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, துவைத்த போர்வையையே மறுபடி நனைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“எங்க இருக்க?” என்றாள் அண்ணி.

“வீட்டுலதான் அண்ணி.”

“இவ ஷூவ மாட்டிக்கிட்டு வாசல விட்டு நகர மாட்டேங்கறா.”

“இனிமே நான் எப்படி அண்ணி…”

“கோர்ட்டு உங்க அண்ணனத்தான் சொல்லுச்சு. உன்னை யாரு என்ன சொன்னாங்க? சீக்கிரம் வா, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.”

சில்வண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு, ஷூ இரண்டும் கால் மாறியிருந்தன. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இந்த முறை அப்பாவைக் கேட்கவில்லை.

“அத்தை, அப்பாவோட ஞாயித்துக்கிழம போயிடுச்சாமே. அப்ப இது யாரோடது?”

இவள் மண்டியிட்டு ஒரு ஷூவைக் கழற்றினாள். குழந்தை இவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் பார்த்த மீன்தொட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.