ஐந்து பேருக்குக் காய்ச்சல்

உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் ஒரே வினாத்தாளில் உட்காரவைத்து, எந்த நாடு மேலே, எந்த நாடு கீழே என்று பார்க்கும் தேர்வு அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. எழுதவேண்டிய பிள்ளைகளை எங்கோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தது. அதற்கு முன்பெஞ்சு, பின்பெஞ்சு என்ற விவஸ்தையே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து மட்டும் ஐந்து பேரை அள்ளிவிட்டது.

தலைமையாசிரியர் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்.

"இந்த அஞ்சு பேருக்கும் பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல். வீட்டுல சொல்லிடுங்க."

"அஞ்சு பேருக்குமா சார்?"

"தொத்துக் காய்ச்சல். நம்ம மானம் போச்சுன்னா உங்களுக்கு டிரான்ஸ்ஃபர்தான்."

டீச்சர் ஐந்து வீட்டுக்கும் சொல்லியனுப்பினாள். புருஷன் ஒரு ஊர், தான் ஒரு ஊர் என்று வருஷக்கணக்கில் அல்லாடிவிட்டு இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

தேர்வு நடத்த வந்த அம்மாள் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க. வராதவங்களுக்குன்னே அடுத்த வாரம் தனியா நடத்துவோம். யாரையும் விடமாட்டோம்" என்றார்.

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சரை ஓரமாக அழைத்து, "எப்படியாவது தேத்திடுங்க" என்றார்.

ஆய்வுக்கூடத்து மூலையில் ஐவரோடும் அவள் உட்கார்ந்தாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. பின்னத்தால் வகுக்கும்போது எதற்குத் தலைகீழாகப் போட்டுப் பெருக்குகிறோம் என்று ஒரு பெண் கேட்டாள். இதையே நச்சரித்துத்தான் அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள், அனுப்பியது டீச்சரேதான். இப்போது டீச்சருக்குத் தப்பிக்க வழியில்லை. மூன்று மீட்டர் நாடாவை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டி எண்ணச் சொன்னாள். "ஆறு. அட, இவ்வளவுதானா" என்றாள் அந்தப் பெண். டீச்சருக்கும் அது அப்போதுதான் சரியாகப் புரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுவாரம் ஐவரும் எழுதினார்கள். ஒருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை.

"எங்க மார்க் எப்பத் தெரியும்?" என்று தலைமையாசிரியர் அந்த அம்மாளிடம் குழைந்தார்.

"தெரியாது சார். மார்க் நாட்டுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளைங்களுக்கோ தனியா சொல்றதில்ல."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிரான்ஸ்ஃபர் பேச்சும் அதோடு போயிற்று. டீச்சருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளோ அந்த அம்மாளின் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"இந்த அஞ்சு தாளை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுத் தரேனே."

"அதுங்க தாள் எதுக்கு?" என்று தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "கேக்குறதுன்னா முன்பெஞ்சு தாளைக் கேளுங்க. பெருமையா இருக்கும்."

"அவங்களுக்கு ட்யூஷன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தாரு சார். இவங்களுக்குத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன்."