புதுநன்மைக் கவுன்

மொதல்லயே சொல்லிடறேன், என்னை யாரும் ஏமாத்தல. ஏமாந்துட்டேன்னு சொல்லிகினு திரியறது எனக்கு வசதியா இருந்துச்சு, அவ்ளோதான்.

2001. காலேஜ்ல ரெண்டாவது வருஷம். சீனியர் ஞானதுரை டையெல்லாம் கட்டிகினு வந்து, "மாமு, வண்ணாரப்பேட்டைல ஒரு மீட்டிங்கு, சும்மா வந்து கேளு"ன்னு ஒரு கல்யாண மண்டபத்துக்கு இட்டுகினு போனான். மேடைல ஒருத்தன் செக்கைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க, நானும் தட்டினேன். மூவாயிரம் கட்டினா ரெண்டு டப்பா சத்துப் பவுடர் தருவாங்க. அப்பால நமக்குக் கீழ லெப்ட்ல ஒரு ஆளு, ரைட்ல ஒரு ஆளு சேக்கணும், செக் வூடு தேடி வரும். அம்மா குடுத்த செமஸ்டர் பீஸை அப்டியே கட்டிட்டேன்.

லெப்ட்ல க்ளாஸ் பையன் ஒருத்தன் மாட்டினான். ரைட் மட்டும் காலி. பீஸ் கட்ட கடைசி தேதி வேற நெருங்கிகினே கீது. அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். "தெரிஞ்சவங்க நூறு பேரை எழுது"ன்னான் ஞானதுரை. எனக்கு முப்பது பேரு கூட தேறல. அப்பதான் அம்மாவோட அன்பியம் நோட்டு கண்ணுல பட்டுது.

எங்க ராயபுரத்துல மாதா கோயிலைச் சேந்த குடும்பங்க, தெருவுக்குத் தெரு ஒரு அன்பியம்னு, வாரம் ஒரு வூட்ல கூடி ஜெபமாலை சொல்லுவாங்க. எங்க தெருவுக்கு அம்மாதான் தலைவி. யாருக்கு ஒடம்பு சரியில்ல, யாரு வூட்ல இன்னா கஷ்டம், எல்லாம் அந்த நோட்டுல இருக்கும், ஜெபத்துல வேண்டிக்கறதுக்கு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? முடியாதுன்னு சொல்லத் தெரியாதவங்க பேரா பாத்து பென்சில்ல டிக் அடிச்சேன். சே!

மொத டிக்கு அடைக்கலமேரி அக்கா. காசிமேட்டுல மீன் எடுத்து கூடைல வெச்சி விக்கும். புருஷன் இல்ல. ஒரே பொண்ணு ஃபாத்திமா, நாலாவது படிக்குது. மே மாசம் அதுக்குப் புதுநன்மை, மொத தடவையா நற்கருணை அப்பம் வாங்கப் போவுது. வெள்ளைக் கவுன், தலைல வெள்ளை நெட்டு முக்காடு, கைல மெழுகுவர்த்தி, வூட்ல பிரியாணி. அதுக்குன்னே அக்கா சீட்டு கட்டி சேத்து வெச்சிருந்துது. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. நோட்டுலயே இருந்துது.

"தலைவி புள்ள நீ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு அக்கா அந்தச் சீட்டுக் காசை எடுத்துக் குடுத்துது. "அம்மாகிட்ட இப்ப சொல்லாதக்கா, ஒனக்கு செக் வந்தப்புறம் சொல்லிக்கலாம்"னேன். எனக்கு செக் வந்துது, பீஸைக் கட்டித் தப்பிச்சிகினேன். அக்காவுக்கு வரல. மார்ச்சுல ஆபீஸுக்குப் போய் பாத்தா பூட்டு தொங்குது.

அக்கா வாசல்ல வந்து நின்னு கத்தப் போவுதுன்னு தெனம் பயந்தேன். கத்தல. "யாரு பேச்சையோ நம்பி காசை வுட்டுட்டேன் தலைவி, கவுனுக்கு வழியில்ல"ன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிச்சாம். பேரு சொல்லல.

அம்மா பொட்டியத் தொறந்து என் கூடப் பொறந்த அக்கா அவ புதுநன்மைக்குப் போட்ட பழைய கவுனை எடுத்துது. புதுநன்மைக்கு ரெண்டு நாளு முன்னாடி சாயங்காலம், ஃபாத்திமாவை முக்காலி மேல ஏத்தி அதைப் போட்டு வுட்டு, அளவு புடிச்சிகினு இருந்துது. கவுன் ஓரத்தை மடிச்சிப் புடிக்கற வேலை எனக்கு.

"மீன் கூடை தூக்கறவகிட்ட போயி காசு வாங்கியிருக்கான் பாரு! அந்தக் கையி வெளங்குமா? சொல்லுடா பிராங்கிளின், வெளங்குமா?"

"வெளங்காதும்மா"ன்னேன். புடிச்சிகினு இருந்த மடிப்பு நழுவிச்சு.

"ஒழுங்கா புடிடா, கோணலா பூடும்"னு அதட்டிட்டு அம்மா குண்டூசி எடுக்க உள்ள போச்சு.

ஃபாத்திமா மேலேர்ந்து குனிஞ்சி, "அண்ணா, பயப்படாத"ன்னுது. "நான் சொல்ல மாட்டேன். படிக்கற புள்ள பேரு கெட்டுடும்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு."

எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்துச்சு. தலையை நிமித்தி அது மூஞ்சைப் பாக்க முடியல.

"ஆனா ஒரு டவுட்டுண்ணா. நாளைக்கு ஃபாதர்கிட்ட மொத பாவசங்கீர்த்தனம். பண்ண பாவம் ஒண்ணு வுடாம சொல்லணுமாம். ஒங்கம்மா யாரு யாருன்னு கேட்டுகினே கீறாங்க, நான் தெரிஞ்சும் வாய மூடிகினு கீறேன். இதையும் சொல்லணுமா?"

ஒம்போது வயசு. என் பாவத்தை முட்டி போட்டு அது சொல்லப் போவுது.

அம்மா குண்டூசி டப்பாவோட வந்துது. நான் கவுனை வுட்டுட்டு எழுந்தேன்.

"அம்மா, அந்தக் கையி என்னுது"ன்னேன்.