செய்தவர் பெயர்: பின்னர் தெரிவிக்கப்படும்

1

இந்தக் கதை ஒரு பித்தளைத் தகட்டில் தொடங்கியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தகட்டுக்கு ஆர்டர் கொடுத்து நான் எழுதிய கடிதத்தில். கோயம்புத்தூரில் பாலுசாமி என்பவரின் பம்புசெட் தொழிற்சாலையில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. கொடுமுடிப் பள்ளிக்கூடத்தில் விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசை மாறாமல் எழுதப் படித்தவன். கதையையும் அப்படித்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 செப்டம்பரில் எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

பொருள்: பெயர்த் தகடு ஒன்று செய்து தருதல்.
அளவு: நீளம் மூன்று அங்குலம், அகலம் ஒன்று.
வாசகம்: டயர் காற்றுக் காவல் விளக்கு.
செய்தவர் பெயர்: பின்னர் தெரிவிக்கப்படும்.

கடைசி வரி, முதலாளியின் மகன் சரவணன் சொல்லி எழுதியது. கேட்டபோது, "மொதல்ல அது வேலை செய்யுதான்னு பார்க்கலாமுங்க" என்றார். செய்தவர் யார் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவர் அப்போது என் மேஜைக்கு நாலடி தள்ளி நின்று, கையில் ஒட்டியிருந்த ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

2

தொடக்கங்கள்.

(அ) "சிவப்பு நிறக் காரொன்று மின்னல் வேகத்தில்" — வேண்டாம். வண்டி அப்போது நாலு மரக்கட்டைகள் மேல் சக்கரமில்லாமல் நின்றது.

(ஆ) "வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்த அந்த ஏழைப் பெண்" — இந்தப் பக்கத்தை இளவேனிலிடம் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார்: 'ஏழைப் பெண் என்று ஆரம்பித்தால் என் வயரிங்கை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.' அடித்துவிட்டேன்.

(இ) "நான்கு விளக்கும் எரிந்தால் நலம். ஒன்று அணைந்தால் வண்டியை நிறுத்தவும்." இது நான் எழுதியதல்ல. விளக்குகள் பொருத்திய பெட்டியின் மூடிக்கு உட்புறம் இளவேனில் ஒட்டிவைத்த சீட்டு. மூன்றில் இதுதான் கதையின் தொடக்கம் மாதிரி இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வண்டிக்கு இரண்டே இருக்கை, துணிக் கூரை, உயரம் என் இடுப்பளவு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுப் போனது, கைமாறிக் கைமாறிச் சரவணனிடம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் சென்னைப் பக்கம் ஒரு பந்தயத்தில், பின் டயர் ஒன்றில் காற்று இறங்கியது தெரியாமலே அதை ஓட்டினார். திருப்பத்தில் வண்டி மூன்று சுற்றுச் சுற்றி வைக்கோல் கட்டுகளில் போய் நின்றது. வீட்டில் இதை அவர் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகை ஒன்றில், டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுநர் முன்னால் விளக்கில் தெரியும் என்று ஒரு படம் வந்தபோது, அதைக் கத்தரித்துத் தொழிற்சாலைக்குள் எடுத்து வந்தார். நம்மால் முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார்.

பம்புகளின் நீரழுத்தத்தைச் சோதிக்கும் பிரிவில் இளவேனில் வேலை பார்த்தார். பாலிடெக்னிக் படிப்பு, வயது இருபத்தைந்து. நாள் முழுக்க அழுத்தமானிகளின் முகத்தைப் பார்ப்பதே வேலை. படத்தை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ரெண்டு மாசம் குடுங்க. நான் செஞ்சு தாரேன்."

[இங்கே ஒரு சந்தேகம். சரவணனை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். மூன்று பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் ரெண்டு மாசமும் கொடுத்தார், பட்டறையில் ஒரு மூலையும் கொடுத்தார், வேண்டிய சாமானுக்கெல்லாம் என்னிடம் கடிதம் எழுதச் சொன்னார். பெயரை மட்டும்தான் கொடுக்கவில்லை. அது வில்லத்தனமா, அல்லது தோன்றாமல் போனதா? கதையை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கே தெரியவில்லை.]

4

காற்றுக் குறைந்ததை உணர்வது இளவேனிலுக்குப் பெரிய காரியமல்ல. ஒவ்வொரு டயரின் காற்று வாயிலும் கவை போலப் பிரியும் சிறு குழாய். ஒரு கிளை காற்றடிக்க. மறு கிளையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சுவிட்ச். காற்று இருபத்திரண்டு பவுண்டுக்கு மேல் இருக்கும்வரை அது மின்சாரத்தை விடும்; இறங்கினால் துண்டித்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சக்கரம் சுற்றும், வண்டி சுற்றாது. இரண்டுக்கும் நடுவே வயரைக் கொண்டுபோனால் முதல் நூறடியிலேயே முறுக்கி அறுந்துவிடும்.

மூன்று வாரம் யோசித்தார். நாலாவது வாரம் காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போய், ஒரு சின்ன உதிரிபாகக் கடையில் மிக்ஸி மோட்டாருக்குப் போடும் கார்பன் கட்டைகள் எட்டு வாங்கி வந்தார். சக்கரத்தின் உட்புறம் செப்பு வளையம்; அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே நிற்கும் கார்பன். சட்னி அரைக்கும் மோட்டாருக்குள் அது செய்கிற அதே வேலை. வெளிநாட்டுப் பத்திரிகையில் இப்படி இல்லை. இங்கே கார்பன் விற்காத கடைவீதி இல்லை, அதனால் இங்கே இப்படி.

(இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த பத்தியில் பழைய நிலைக்கு வந்துவிடுவேன்.)

டயர் வேலை பீர் முகம்மது பாய் பொறுப்பு. குழாயும் சுவிட்சும் ஏறிய இடத்துக்கு நேரெதிரே, அதே எடைக்கு ஈயம் வைத்துச் சக்கரத்தைச் சமன் செய்து கொடுத்தவர் அவர்தான். ஆனால் விளக்கில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சுத்தியல் பிடியால் டயரைத் தட்டி, சத்தத்திலேயே காற்று எத்தனை என்று சொல்பவர்.

"காது ரெண்டு இருக்கறப்ப லைட்டு நாலு எதுக்குங்க அம்மணி?"

"வண்டி ஓடறப்ப நீங்க கூட ஓடியே தட்டுவீங்களாங்க பாய்?"

பாய் சிரித்தார், ஆனால் விடவில்லை. கெட்டுப்போனால்தானே சிவப்பு எரிய வேண்டும், நல்லா இருக்கும்போதே நாலும் எரிந்தால் இது வண்டியா, கல்யாண வீடா என்று கேட்டார். சரவணனுக்கும் அதே கேள்வி இருந்தது. இளவேனில் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எரியாத லைட்டு பியூஸ் போயிருந்தாத் தெரியுமுங்களா? எரியறது அணைஞ்சா கண்ணுக்குத் தெரியும். ஏமாத்தாது."

5

சோதனை ஓட்டத்துக்கு விஜயதசமி குறிக்கப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து வால்பாறை மலைப்பாதை, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஏறி இறங்க வேண்டும். விளக்குகள் பொய் சொல்லாமல் போய் வந்தால் தகட்டில் என்ன பெயர் என்று முடிவாகும். இளவேனில் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பெட்டியின் முகப்பில் மூன்றுக்கு ஒன்று அங்குலத்தில் இடம் விட்டு, இரண்டு ஆணித்துளைகளும் போட்டு வைத்திருந்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. லேத், துளையிடும் இயந்திரம், சுத்தியல், என் தட்டச்சுப் பொறி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் ஊரில் வேலை செய்கிற எதையும் பொட்டில்லாமல் விடுவதில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் சுற்றி நிற்க, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சரவணன் வண்டியைக் கிளப்பினார். நாலு பச்சை விளக்கும் எரிந்தன. வாசல் தாண்டுவதற்குள் பின்பக்க இடது விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டி, அணைந்தது.

பாய் போய் டயரைத் தட்டினார். "காத்து கல்லு மாதிரி நிக்குதுங்க." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சரவணன் வாட்சைப் பார்த்தார், அதுதான் மோசம்.

இளவேனில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் போனார். வெளியே வந்தபோது விரல் நுனி மஞ்சளாக இருந்தது. அந்தப் பக்கம்தான் அவர் முதன்முதலில் செய்து முடித்தது. நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அந்தச் செப்பு வளையத்தின் மேல், தன் கையாலேயே ஒரு பொட்டு வைத்திருந்தார். காய்ந்த சந்தனத்தில் மின்சாரம் போகாது என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். நேற்று அது வளையமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

[இதை வேறு யாராவது வைத்ததாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்.]

துருவிப் பார்த்தால்கூட யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவரே கையை உயர்த்திக் காட்டினார்.

"பொட்டு நான் வெச்சதுங்க. தப்பு என்னோடது, பெட்டியோடது இல்லீங்க."

பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். விளக்கு எரிந்தது. ஆனால் சிரித்தவர்கள் சிரித்ததுதான்.

6

ஓட்டியது சரவணன், பக்கத்து இருக்கையில் இளவேனில். ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. நாலு விளக்கும் ஆழியாறில் எரிந்தன, அட்டகட்டியில் எரிந்தன, வால்பாறைக் கடைத்தெருவில் டீ குடித்தபோதும் எரிந்தன. சரவணன் திருப்தியாகி, இறக்கத்தில் வேகம் கூட்டினார். பந்தயக்காரர் கால்.

பதினெட்டாம் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்க இடது விளக்கு அணைந்தது. இந்த முறை சிமிட்டவில்லை.

"ஏனம்மணி, மறுபடியும் உங்க சந்தனமா?"

இளவேனில் விளக்கையே பார்த்தார். நன்றாகத்தான் துடைத்திருந்தார். ஆனால் கார்பன் இடுக்கில் துகள் தங்கியிருந்தால்? இருக்கலாம். காலையில் தப்பாகப் போன அதே விளக்கு.

"இறக்கத்துல பிரேக் சூட்டுக்குக் காத்தழுத்தம் ஏறத்தானுங்க வேணும். அணைஞ்சிருக்குன்னா... நிறுத்துங்க."

"டயர்ல காத்தில்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேனுங்க."

"பின்ன எதுக்கு நிறுத்தறது?"

"அணைஞ்சா நிறுத்தணும்னு தானுங்க அதைச் செஞ்சது. காலைல பொய் சொன்னது நானு. அது இல்லீங்க."

வலப்பக்கம் பள்ளம். கீழே ஆழியாறு அணை, ஒரு வெள்ளித் தட்டு மாதிரி — வேண்டாம். கீழே அணை. அவ்வளவுதான்.

சரவணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

(எண் பற்றி: முதலில் பதினேழு என்று எழுதியிருந்தேன். பதினெட்டுதான் என்று இளவேனில் திருத்தினார். சாலைப் பணியாளராக இருக்கும் அவருடைய அப்பா மாசாணம், மழைக்கு முன்னால் வெள்ளையடித்து எண் எழுதும் கற்களில் அதுவும் ஒன்று. எட்டின் மேல்வட்டம் சின்னதாக இருக்குமாம், அப்பாவின் கை.)

இளவேனில் இறங்கி அந்தக் கல்லில் ஒரு கை ஊன்றிக் குனிந்து, குழாயின் மூடியைக் கழற்றினார். காற்று பார்க்கும் கேஜை அவர் வைத்துப் பார்க்கவில்லை. சரவணனிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுப் பாருங்க."

7

முடிவுகள்.

(அ) கேஜ் பதினெட்டு காட்டுகிறது. டயரில் ஒரு லாட ஆணி. சரவணன் முகம் வெளுக்கிறார். எஸ்டேட் ஜனம் கூடி மாலை போட — சினிமா. அடித்துவிட்டேன்.

(ஆ) கேஜ் இருபத்தேழு காட்டுகிறது. சந்தனத் துகள்தான். இருவரும் பேசாமல் மலையிறங்குகிறார்கள். சோகம் சுலபமாக வருகிறது, அதனாலேயே நம்பவில்லை.

(இ) இரண்டில் எது நடந்தது என்று இளவேனிலிடமே கடிதத்தில் கேட்டேன், முறைப்படி, வரிசை எண் போட்டு. பதில் வந்தது:

'ஐயா, ஊசி எங்கே நின்றது என்று சொல்ல மாட்டேன். குறைவாக நின்றது என்றால் பெட்டி நல்லது என்பார்கள். சரியாக நின்றது என்றால் கெட்டது என்பார்கள். இரண்டும் நான் செய்த வேலைக்குத் தீர்ப்பு இல்லை. சந்தனம் விழாதபடி வளையத்துக்கு இப்போது மூடி செய்துவிட்டேன், அது தனி. யாருக்கும் நிற்காத மனிதர், நான் செய்த ஒரு விளக்கு அணைந்ததற்காக, நான் சத்தியம் செய்யாமலே, இறக்கத்தில் நிறுத்தினார். எழுதினால் அதை எழுதுங்கள்.'

எழுதிவிட்டேன்.

8

இன்னும் ஒன்று பாக்கி.

மலையிலிருந்து வந்த மறுநாள் சரவணன் என் மேஜைக்கு வந்தார். தகடு செய்கிறவரிடமிருந்து வந்த அஞ்சலட்டை மேலேயே கிடந்தது: 'தகடு தயார். பெயர் மட்டும் வெட்ட வேண்டும். உடன் தெரிவிக்கவும்.' அதை எடுத்துப் படித்தார், திருப்பி வைத்தார்.

"பேரு உங்களுக்கே தெரியுமில்லீங்க. எழுதிப் போட்டுருங்க."

கேஜ் என்ன காட்டியது என்று கேட்டேன். அவரும் சொல்லவில்லை. "நான் எடுத்து வெச்சுப் பார்த்தேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், என்னவோ பெருமையாக.

பதில் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். விடுநர் முடிந்தது, பெறுநர் முடிந்தது, பொருளும் முடிந்தது. கடைசி வரியை மட்டும் எழுதவில்லை. தெரிந்தே ஒருமுறை அந்த வரியைக் காலியாக விட்டவன் நான். இம்முறை பேனா உங்களிடம் இருக்கட்டும். பெயர் உங்களுக்கும் தெரியும். முன்னெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினெட்டாம் கல்லுக்கு வெள்ளையடித்தவருடையது அது.

செய்தவர் பெயர்: