நாலு டிகிரி

என் பழைய மேனேஜருக்கு அவனைப் பெற்றவர்கள் ஆசையாக ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த எங்கள் பதினேழு பேருக்கும் அவன் ‘நாலு டிகிரி’தான். நேரில் சார் என்போம். முதுகு திரும்பியதும் நாலு டிகிரி.

காரணம் இதுதான். எங்கள் கிடங்கில் ஒரு குளிர் அறை உண்டு. இன்சுலின், தடுப்பூசி போன்ற சூடு ஆகாத மருந்துகள் அங்கே இருக்கும். உள்ளே இரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது, எட்டுக்கு மேல் போகக் கூடாது. நாளுக்கு மூன்று வேளை கதவுப் பக்கத்தில் இருக்கும் கருவியைப் பார்த்து, காட்டுகிற எண்ணைத் தாளில் எழுத வேண்டும். இந்த மகராசன் என்ன செய்வான் தெரியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீயை உறிஞ்சிக்கொண்டே அடுத்த வாரத்துத் தாள் முழுவதையும் நிரப்பி வைத்துவிடுவான். காலை நாலு, மதியம் நாலு, இரவு நாலு. வெயில் கொளுத்தினாலும் நாலு, கரண்ட் போனாலும் நாலு. இன்னும் வராத நாளுக்கும் நாலு. கருவியை அண்ணாந்து பார்க்கக்கூட அவனுக்குக் கழுத்து வலிக்கும்.

அந்த அறையில் நான் பதினோரு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். ஒரு ரத்த வங்கியில் குளிர்பதனப் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். நேர்காணலில் தேர்வாகிவிட்டேன். வேலைக்கான கடிதமும் கைக்கு வந்தது. பழைய இடத்தில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்போம், அது வெறும் சம்பிரதாயம் என்றார்கள். நானும் இங்கே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, பிடித்த சனி விட்டது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ரத்த வங்கியிலிருந்து போன். மன்னிக்கணும், உங்களை எடுக்க முடியாது என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டது. இருந்த வேலையும் போய், வரவேண்டிய வேலையும் போய், நடுவீட்டில் போனும் கையுமாக நின்றேன்.

“விடு, வேற பாத்துக்கலாம்,” என்றார் கணவர். அவர் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் விடு, வேற பாத்துக்கலாம் என்பார்.

“எனக்கு நாப்பத்தாறு வயசு. எவன் வாசல்ல வச்சிருக்கான் வேற?” என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ரத்த வங்கிக்கே போனேன்.

அங்கே தலைமை மருத்துவர் ஒரு அம்மாள். நரைத்த தலை, உரத்த குரல். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என் பழைய அலுவலகம் நிரப்பி அனுப்பிய படிவத்தை எடுத்து மேஜையில் தள்ளினார்.

“நீங்களே படிங்க. என் வாயால எதுக்குச் சொல்லணும்?”

படித்தேன். நேர்மை என்ற கட்டத்தில் ‘சுமார்’. மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா என்றதற்கு ‘மாட்டோம்’. கீழே அவன் கோணல் கையெழுத்தில் இரண்டு வரி: சென்ற சித்திரைக் கடைசி ஞாயிறன்று குளிர் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார், அறை பதினொரு டிகிரி வரை ஏறியது, பொறுப்பற்றவர்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த ஞாயிறு நடந்தது எனக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு நான் போனபோது கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் ஓடவில்லை. ஏன் ஓடும்? அதிலிருந்த டீசலை முந்தின நாள்தான் தன் காருக்கு உறிஞ்சிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான் துரை. கதவு சாத்தித்தான் இருந்தது. கருவி பதினொன்று காட்டியது. அவனுக்குப் போன் போட்டேன்.

“அதெல்லாம் தானா எறங்கிடும்மா. தாள்லதான் நாலு போட்டாச்சே, அப்புறம் என்ன?” என்றான். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

நாற்பது பெட்டி இன்சுலினை ஒதுக்கி, ‘அனுப்பாதே’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. சீட்டுகள் அவன் குப்பைக்கூடையில் கிடந்தன. அன்றோடு அவன் நிரப்பும் தாளில் நான் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டேன். அந்த வயிற்றெரிச்சலைத்தான் இப்போது படிவத்தில் தீர்த்துக்கொண்டிருக்கிறான்.

எரிச்சலோடு எரிச்சலாகச் சட்டென்று ஒன்று உறைத்தது. அடப்பாவி, மாட்டிக்கொண்டாயே! எங்கள் கிடங்கிலிருந்து பெட்டி எங்கே போனாலும் அந்த வாரத்துத் தாளின் நகலும் கூடவே போகும். அந்த ஞாயிற்றுக்கு மூன்று வேளையும் நாலு என்று இவனே எழுதி, இவனே கையெழுத்துப் போட்டு ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். இப்போது அதே ஞாயிற்றுக்குப் பதினொன்று என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். தான் எழுதியதைத் தானே படிக்காதவனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது!

படிவத்தின் நகல் ஒன்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை கிடங்கில் அவன் அறைக்குள் நுழைந்தேன். சுழல் நாற்காலியில் பாதி படுத்த நிலையில் காது குடைந்துகொண்டிருந்தான்.

“என்னம்மா, வேலை கெடைக்கலையாமே? திரும்ப வந்துட்டியா?” என்று பல்லைக் காட்டினான். “நான் என்ன பண்றது, கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன்.”

“உள்ளதைத்தான் சொன்னீங்களா சார்? ரொம்ப சந்தோஷம்.” நகலை அவன் முன் வைத்தேன். “அப்ப அந்த ஞாயித்துக்கிழமை பதினொண்ணு.”

“ஆமா.”

“அந்த வாரத்துத் தாள்ல நாலுன்னு இருக்கு. உங்க கையெழுத்தோட. அது எத்தனை கடைக்குப் போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும். பதினொண்ணு நெசம்னா தாள் பொய். கிடங்கு உரிமம் போயிடும். நாலு நெசம்னா இந்தப் படிவம் பொய். எது சார் பொய்? நீங்களே சொல்லுங்க, நான் நிக்கறேன்.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. காது குடைந்த குச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு உட்காரச் சொன்னான். பதினோரு வருடத்தில் முதல் முறையாக உட்காரச் சொன்னான்! எனக்கு டீ வேண்டுமா என்று வேறு கேட்டான். இப்படி ஒரு பிழைப்பு பிழைப்பதற்கு நாலு பேருக்குக் கதவு திறந்துவிட்டாவது பிழைக்கலாம்.

கால்மணி நேரத்தில் கடிதம் தயார். குறிப்பிட்ட ஞாயிறன்று அறை நாலு டிகிரியில்தான் இருந்தது, படிவத்தில் எழுதியது கவனப்பிசகு, இவர் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தவர். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினான்.

“திருப்திதானம்மா? மனசுல எதுவும் வச்சுக்காத.”

“உங்களை வச்சுக்கற அளவுக்கு என் மனசுல எடம் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவன் விழித்த விழியையும் குச்சியைப் பையில் போட்டதையும் நடித்துக் காட்டினேன். கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மகள் மட்டும் கடிதத்தைக் கையில் வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

“அம்மா, அப்ப அன்னிக்கு நாலுதான் இருந்துச்சா? பதினொண்ணுன்னு வந்து ராத்திரி சாப்பிடாம கெடந்தியே.”

“பதினொண்ணுதாண்டி இருந்துச்சு.”

“அப்ப இந்தப் பொய்யைக் காட்டியா வேலை வாங்கப் போற?”

பளாரென்று அறை வாங்கிய மாதிரி இருந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய், தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. என் கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். கருவி காட்டிய உண்மையான எண்ணை நாள்தோறும் அதில் எழுதி வைப்பேன். என் மனசாட்சிக்கு என்று சொல்லிக்கொள்வேன். பெரிய மனசாட்சி! பைக்குள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடிய மனசாட்சி.

மறுநாள் மருத்துவர் முன்னால் கடிதத்தையும் வைத்தேன், நோட்டையும் வைத்தேன். அவர் கடிதத்தைப் படித்தார். நோட்டைப் புரட்டி அந்த ஞாயிற்றுக்கு வந்து நின்றார்.

“எது உண்மை?”

“நோட்டு, டாக்டர். பதினொண்ணு.” கரண்ட், டீசல், சிவப்புச் சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் யாரையோ கூப்பிட்டு, அதே வளாகத்திலிருந்த மருத்துவமனை மருந்தகத்திலிருந்து ஒரு ஃபைலை வரவழைத்தார். எங்கள் கிடங்கு அவர்களுக்கும் மருந்து அனுப்பியிருக்கிறது. அந்த வாரத்துத் தாள் அதில் இருந்தது. நாலு, நாலு, நாலு. அடியில் இரண்டு கையெழுத்து. சரிபார்த்தவர் அவன். எழுதியவர் என்ற இடத்தில் நான்.

ஆமாம், நான்தான். பதினோரு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் நிரப்பி நீட்டுவான், நான் போடுவேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நிறுத்தினேனே தவிர, அந்த ஞாயிற்றுக்கும் சேர்த்து வெள்ளியே போட்டுவிட்டேன்.

“பதினொண்ணுன்னு எழுதின நோட்டும் உங்க கைதான். நாலுக்குக் கீழ கையெழுத்துப் போட்டதும் உங்க கைதான்,” என்றார் மருத்துவர். “இதுல எந்தக் கையை நான் வேலைக்கு வச்சுக்கறது?”

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். தாளின் அடியிலிருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த நாப்பது பெட்டி போய் எத்தனை நாளாச்சு?”

“மூணு மாசம்.”

“மூணு மாசமா யாருகிட்டயும் சொல்லல. வேற வேலை வரட்டும்னு இருந்தீங்க.”

“ஆமா.”

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். “மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்க. தேதி, தயாரிப்பு எண், நீங்க போட்ட கையெழுத்து, எல்லாம். இதுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்ல. வேலை உண்டா இல்லையான்னு இப்ப சொல்ல மாட்டேன்.”

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. என்னைப் பற்றி எழுதிய மூன்று வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அதிகாரிகள் ஒரு புதன்கிழமை கிடங்குக்குள் நுழைந்தார்களாம். அவன் மேஜையில் இருந்த தாளில் சனிக்கிழமை இரவு வரைக்கும் நாலு போட்டிருந்ததாம். கேட்டுவிட்டு வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தேன். நாற்பது பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொல்லி கடைகளுக்கு உத்தரவு போனது என்றும், ஒன்பது பெட்டிதான் திரும்பியது என்றும் பிறகு சொன்னார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை. மீதி முப்பத்தொன்றும் யார் யார் உடம்பிலோ ஏறியாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வேலை உண்டு. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு நான் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

முதல் நாள் காலை எட்டு மணி. என் மகள் வயதில் ஒரு ஆய்வகப் பெண் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். ரத்தப் பைகள் வைத்த குளிர்பெட்டியின் கருவியை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தட்டியும் பார்த்தேன்.

நாலு.

உண்மையாகவே நாலு. தாளை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன். கை எழுத மாட்டேன் என்றது.

“நாலுதானே அக்கா காட்டுது? ஏன் நிக்கறீங்க?” என்றாள் அந்தப் பெண்.

“நீயும் ஒரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லும்மா,” என்றேன். அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுதினேன்.