பணிக்கு வந்த வீடு

சாரதாமணியின் ஓட்டு வீடு முதன்முதலாக ஆபீசுக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. நான்கு நிமிடம் தாமதம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வீட்டின் மேல் குற்றமில்லை.

அதற்கு முன் ஒன்றரை வருடம், கொரோனாவை முன்னிட்டு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றிருந்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் பட்டா மனுக்களைச் சரிபார்க்கும் சாரதாமணிக்கு அது சாமி கொடுத்த வரம். கணவன் நாச்சிமுத்து போர்வெல் லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மனு பார்ப்பாள், புரட்டுவாள், மறுபடி மனு பார்ப்பாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிடுவாள். பிறகு அந்த உத்தரவு ரத்தானது. எல்லோரும் நேரில் வரவேண்டும். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. வேலையை விட்டால் சோறில்லை.

"நீ போ புள்ள. நான் எங்க ஓடிப்போயிரப் போறேன்" என்றான் நாச்சிமுத்து.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு காலை வெளியே வைக்கப் பார்த்தால் வாசல் நகர்ந்துகொண்டிருந்தது. வீடு சோளக்காட்டைத் தாண்டி, டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஆபீஸ் வளாகத்தில் ஜீப் ஷெட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

தாசில்தார் தீர்த்தகிரி விதிகளை மதிப்பவர். வீட்டை ஒருமுறை சுற்றிவந்தார். ஊழியர் நேரில் வரவேண்டும் என்றுதான் உத்தரவிலிருந்தது. எதோடு வரக்கூடாது என்று இல்லை. "வந்தது சரிங்கம்மா. ஜீப்பு திரும்பறதுக்கு மட்டும் கொஞ்சம் எடம் உடச் சொல்லுங்க" என்றார். வீடு ஓரடி தள்ளிக்கொண்டது.

காலையில் வருவதும் சாயங்காலம் பழைய இடத்துக்குத் திரும்புவதுமாக அப்படியே மூன்று வருடம் போனது. மனு கொடுக்க வந்தவர்கள் பழகிவிட்டார்கள். சாரதாமணி கோப்பில் மூழ்கியிருந்தால் அவர்களே உள்ளே போய்க் கை கொடுப்பார்கள். "எந்தப் பக்கமுங்க போடறது?" என்பார்கள். "சன்னல் பக்கமுங்க. யாரு லேட்டா வாராங்கன்னு பாக்கோணும்" என்பான் நாச்சிமுத்து. படுத்தபடியே அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் பழகினான். முதுகில் ஒரு கொப்புளம் கிடையாது. ஒரு வீடு இரண்டு சர்வே எண்ணில் இருக்க முடியாதே என்று ஆட்சேபம் வந்தபோது, தீர்த்தகிரி அந்தக் கோப்பில், "பகலில், பணி நிமித்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போன ஆடியில் சாரதாமணிக்கு ஆத்தூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. விடுவிப்பு ஆணையில் தீர்த்தகிரி தன் கையாலேயே "வீட்டுடன்" என்று சேர்த்தார். அவள் அவரைக் கும்பிட்டாள். பிறகு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டாள். ரயில்வே கேட் இல்லாத வழியாக வீடு புறப்பட்டது.